ஏழு பேர், பத்துக் குரல்

பனி இறங்கியதும் நிரோஷனுக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. வேறு கோல்கீப்பராக இருந்தால் கை பரபரக்கும், கால் ஒரு இடத்தில் நிற்காது, இவனுக்குத் தொண்டை. பதினேழு வயதில் அவனிடம் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான். தேயிலை ஃபேக்டரிச் சங்கு ஊதுவான், மேஸ்திரி மாதிரி காறித் துப்புவான், அம்மா குரலில் அப்பாவைக் கூப்பிட்டு அப்பா குரலில் ‘வர்றேன் இரு’ என்பான், இரண்டு பேரும் அடுப்படி வாசலில் முட்டிக்கொண்டு ‘நீதான கூப்பிட்ட’, ‘நான் எங்க கூப்பிட்டேன்’ என்று நிற்பார்கள். அதனால் எஸ்டேட்டில் அவனை நிரோஷன் என்று கூப்பிட ஆள் கிடையாது, மைனாதான். போன வருஷம் ரெஃபரியின் விசிலையே வாயால் அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டான் என்று ஒரு ஆட்டம் வெளியே உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஜீப் ஹாரன் அடித்தான், எதிர் டீம் கோச் தன் ஜீப்பை யார் எடுத்தது என்று மேட்டில் ஏறி ஓடினார். அதையெல்லாம் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், வர வேண்டும், ஆனால் இன்றைக்கு வரவில்லை, ஏனென்றால் இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஃபேக்டரிப் புகைபோக்கியைக் காணோம், அப்புறம் சில்வர் ஓக் மரங்களைக் காணோம், அப்புறம் எதிர் கோலைக் காணோம், அப்புறம் பந்தையே காணோம். ரெஃபரி வாத்தியார் நடுவட்டத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்திருப்பார், ‘ஒரு போஸ்ட் தெரியுதுப்பா, ஆடலாம், ஆடலாம்’ என்று மூக்கடைத்த குரல் மட்டும் வந்தது. அந்த மலை லீக்கில் விதி அப்படி. இரண்டு கோலும் தெரிந்தால்தான் ஆட்டம் என்றால் மழைக்காலம் முழுக்க ஒரு ஆட்டமும் நடக்காது. நடுவில் நிற்கிறவருக்கு ஏதாவது ஒரு கோல் தெரிந்தால் போதும். தெரியாத கோலில் நிற்கிறவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்குத் தெரியாத கோல் இவனுடையது.

யாரும் இன்னும் கோல் போடவில்லை. இப்படியே முடிந்தால் போதும், கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்த டவுன் பிரதர்ஸிடம் தோற்றால் மார்னிங் ஸ்டார் எஃப்.சி. கடைசி இடம், கடைசி இடத்துக்கு வருகிற டீம் லீக்கிலிருந்து வெளியே, லீக்கிலிருந்து வெளியே போனால் கிரவுண்டும் போச்சு. மேனேஜர் பொங்கலுக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார், ‘லீக்ல இருக்கற வரைக்கும் கிரவுண்ட் ஒங்களுது, எறங்கிட்டீங்கன்னா நான் நர்சரி போட்டுடுவேன், எனக்கும் மேல ஆபீஸ்ல பதில் சொல்லணும்ல’ என்று. அந்த ‘சொல்லணும்ல’வை மூக்கால் இழுக்கிற இழுப்பு அன்றைக்கு சாயங்காலமே மைனாவின் தொண்டைக்குள் வந்துவிட்டது. நர்சரி என்றால் பிளாஸ்டிக் பையில் தேயிலைக் கன்று, வரிசை வரிசையாக, இந்த கோல் ஏரியாவிலிருந்து அந்த கோல் ஏரியா வரைக்கும், ஆயிரக்கணக்கில் ஒரே உயரத்தில், வாயே இல்லாமல். கிரவுண்டில் இப்போது இருந்தது ஏழு பேர். ஆறாகக் குறைந்தால் ரெஃபரி ஆட்டத்தையே நிறுத்திவிடுவார், ஏழுதான் குறைந்தபட்சம், அந்தக் குறைந்தபட்சத்தில்தான் மார்னிங் ஸ்டார் இந்த வருஷம் முழுக்க உயிரோடு இருந்தது. கோலில் இவன், முன்னால் கேப்டன் குணசீலன் அண்ணன், பக்கத்தில் மலை மாதிரி வேலாயுதம், நடுவில் இரட்டைப் பிள்ளைகள் ரூபனும் தீபனும், முன்வரிசையில் பிளஸ் டூ படிக்கிற இரண்டு பேர், அவர்களுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. டவுன்காரர்கள் பதினொரு பேரும் புது பூட்ஸ் போட்டு இறங்கியபோது எண்ணிப் பார்த்துச் சிரித்தார்கள், ‘மிச்ச பேரு எங்கப்பா, இலை பறிக்கப் போயிருக்காங்களா?’ சிரிக்கட்டும், சிரிக்கட்டும் என்று மைனா அப்போது நினைத்தான். மிஸ்ட் இறங்கட்டும், மிச்ச பேரை நான் கொண்டுவருகிறேன்.

கொண்டுவந்தும் விட்டான். அதில்தான் இப்போது ஏதோ இடறுகிறது.

மார்னிங் ஸ்டாரின் சரித்திரத்தை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் பாதிப் பக்கம் மிச்சமாகும். கிரவுண்டே பழைய லயம், தொழிலாளர் வீட்டு வரிசை ஒன்று, மண்சரிவில் போன இடம். ஆள் யாரும் போகவில்லை, இரண்டு ஆடும் ஒரு ரேடியோவும்தான் உள்ளே போயின. மழை நாளில் மண்ணுக்கடியில் அந்த ரேடியோ பாடுது பார் என்று மைனா சின்னப் பிள்ளைகளைத் தரையில் காது வைக்கச் சொல்வான், பாடுவதும் அவன்தான். அந்த மண்ணைப் பொன்னுத்துரை அண்ணனும் நாலைந்து பேரும் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ரோலரை உருட்டிச் சமப்படுத்தினார்கள், இரண்டு பக்கமும் சில்வர் ஓக் கட்டையை நட்டார்கள், டீம் ஆகிவிட்டது. முதல் வருஷம் ஒரே ஒரு ஜெயிப்பு, அதுவும் எதிர் டீம் வந்த வேன் பாதி மலையில் நின்றுபோனதால். இரண்டாவது வருஷம் மொத்தம் இரண்டு கோல், அதில் ஒன்று எதிராளியே தன் கோலில் போட்டது. அவனைக் கூப்பிட்டு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம்தான் பொன்னுத்துரை அண்ணன் அந்த யோசனையைச் சொன்னார். அவர்தான் அப்போது கோல்கீப்பர். ‘டேய், நம்ம கிரவுண்ட்ல கண்ண நம்பி ஆடுனா கதைக்காவாது. ஆளுக்கொரு சத்தம் வெச்சுக்கங்க. சத்தத்துக்குப் பந்தைக் குடுங்க.’ அவ்வளவுதான். ஆளுக்கொரு சத்தம். குணசீலன் அண்ணனுக்கு ‘என்னுது!’ ரூபனுக்கும் தீபனுக்கும் ‘ஓய்’, ஒருவனுக்குக் கீழ் ஸ்தாயி ஒருவனுக்கு மேல் ஸ்தாயி, அதிலும் சண்டை. லெஃப்டில் ராசையன் ‘லெப்பு லெப்பு’ என்று வாத்து மாதிரி ஓடுவான். முன்பல் இரண்டு இல்லாத அந்தோணிக்கு ஊதல் மாதிரி ஒரு ‘ஃபூய்’. சுதர்சன் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு இருமல், ‘க்ஹும், தள்ளு!’ ஆட்டத்துக்கு முன்னால் இலை நிறுக்கிற கொட்டகையில் வரிசையாக நின்று ஒவ்வொருவனும் தன் சத்தத்தைக் கொடுக்க வேண்டும், அதுதான் அட்டெண்டன்ஸ். ஆட்டம் முடிந்ததும் நடுவட்டத்தில் நின்று இன்னொரு தடவை கொடுக்க வேண்டும், பனியில் யாராவது சரிவுப் பக்கம் போய் மாட்டிக்கொண்டால் தெரியாதே, எல்லா சத்தமும் வந்தால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். அந்த வருஷம் மூன்றாவது இடம். வெயில் கிரவுண்டில் தோற்பார்கள், பனி கிரவுண்டில் ஜெயிப்பார்கள். டவுனில் பேசிக்கொண்டார்கள், அந்த எஸ்டேட்காரனுங்களுக்குப் பூனைக் கண்ணு என்று. கண்ணா, கண்ணில் என்ன இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு சத்தமாகக் குறைந்தது, அதை அவன் ஏன் இந்த வரிசையில் நினைக்கிறான் என்று அவனுக்கே கோபம் வந்தது, ஆனால் வரிசை அதுதான், மாற்ற முடியாது. ராசையனின் ‘லெப்பு லெப்பு’ பொங்கலன்று அச்சு அசலாக வந்தது, லயமே கைதட்டியது, ராசையனின் அம்மாவே வெளியே வந்து எட்டிப் பார்த்தாள், பொங்கல் கழிந்து ராசையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போனான். அந்தோணியின் ‘ஃபூய்’ வருவதற்கு நாளானது, பல்லுக்கு நடுவில் நாக்கை எப்படி வைக்கிறான் என்று பார்க்க அவன் சாப்பிடும்போதெல்லாம் எதிரே போய் உட்கார்ந்தான்; வந்தது, வந்த வாரமே அந்தோணிக்குக் கோயம்புத்தூர் பேக்கரியில் வேலை. சுதர்சன் எர்ணாகுளத்துக்கு. எல்லாரும்தான் போகிறார்கள், இலைக்கு விலை இல்லை, கூலி போதாது, பஸ் ஏறாதவன் யார், இதில் என்ன இருக்கிறது என்று அவன் தனக்குத்தானே மேனேஜர் குரலில் சொல்லிப் பார்த்தான், அப்பா குரலில் சொல்லிப் பார்த்தான். ஒரு குரலைப் பிடிக்க அவனிடம் ஒரு வழி உண்டு, யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. முதலில் மூச்சு. அந்த ஆள் பேசாதபோது எப்படி மூச்சு விடுகிறான் என்று பிடிக்க வேண்டும். அப்புறம் இருமல். அப்புறம் சிரிப்பு. இந்த மூன்றும் வந்துவிட்டால் சொல் தானாக வரும், கூப்பிடாமலே வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். மூச்சு, இருமல், சிரிப்பு, சொல். பொன்னுத்துரை அண்ணனின் குரலைப் பிடிக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் ஆனது. கனமான குரல், அடியில் மண் இருக்கிற மாதிரி. அவர் கோலை விட்டு வெளியே வந்து பந்தை எடுக்கும்போது முன்னால் நிற்கிற நம் ஆட்களை விலகச் சொல்லி ஒரே சொல், ‘விட்டுரு!’ அந்தச் சொல் வந்தால் வேலாயுதம் தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்துவான். மைனா அதைப் பிடித்த அன்று அவர் எதிரிலேயே சொல்லிக்காட்டினான், அவர் முதுகில் ஒன்று வைத்து, ‘இனி நான் எதுக்குடா, நீயே நில்லு கோல்ல’ என்று சிரித்தார். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது, இதே மாதிரிப் பனி, பாதையில் காட்டெருமை நின்றது அவருக்குத் தெரியவில்லை.

நினைக்காதே. பந்து எங்கே. வலது பக்கம் எங்கோ தோல் மேல் பூட்ஸ் படுகிற சத்தம், டப், அப்புறம் ஓடுகிற சத்தம், புல்லில் ஈரம் சளசளக்க இரண்டு பேர், மூன்று பேர், ‘ஹோய்’ என்று வேலாயுதம், நல்லவேளை. அவன் கையை வாயருகே குவித்து இடது பக்கம் திரும்பி ‘லெப்பு லெப்பு’ என்றான். பந்து போகிற சத்தம் தயங்கியது. டவுன்காரன் எவனோ, ‘டேய், லெஃப்ட்ல ஒருத்தன் ஃப்ரீயா இருக்கான், பாரு பாரு’ என்றான், இரண்டு ஜோடிக் கால்கள் ராசையன் இல்லாத இடத்துக்கு ஓடின. நல்லா ஓடு, ஓடி ஓடித் திருப்பூர் வரைக்கும் போ. வலது பக்கம் ‘ஃபூய்’. நடுவில் ‘க்ஹும், தள்ளு!’ இப்போது எதிராளிகளுக்குக் கதி கலங்கிவிட்டது, அவர்களுடைய கேப்டன், கீச்சுக் குரல்காரன், ‘வாத்தியாரே, இவனுங்க ஏழு பேர்தான இருந்தானுங்க, லேட்டா வந்தவங்க எல்லாம் எறங்கிட்டாங்களா?’ என்று கேட்க, வாத்தியார், ‘ஷீட்ல பேரு இருந்தா எறங்கலாம்ப்பா, நீ ஆடு’ என்றார், அவருக்கும் பாதி தெரியவில்லை போல. இடுப்பில் கை வைத்து மைனா ஊமைச் சிரிப்பு சிரித்தான். ஏழு பேர், பத்துக் குரல். வருஷம் முழுக்க இப்படித்தான் ஒன்றும் இரண்டுமாக டிரா பிச்சை எடுத்து இதுவரை வந்தார்கள். குணசீலன் அண்ணனுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், மைனாவின் ‘லெப்பு’வுக்குப் பந்தைக் கொடுக்கக் கூடாது, ஓடுவது மட்டும்தான் ராசையன், வாங்குவது கிடையாது. ஒரு குரலை மட்டும் அவன் எடுப்பதில்லை. பொன்னுத்துரை அண்ணனின் குரலை எடுக்கச் சொல்லி வேலாயுதம் கெஞ்சியிருக்கிறான், ‘டேய் மைனா, அந்தச் சத்தம் வந்தாத்தான்டா எனக்குக் காலு நிக்கும்’ என்று. முடியாது என்று சொல்லிவிட்டான், காரணம் சொல்லவில்லை. அந்தப் பதினோராவது குரல் வெளியே வராமலே இருக்கட்டும்.

அப்போதுதான் கீச்சுக் குரல்காரன் சொன்னான், மூச்சிரைக்க, பயந்த மாதிரி: ‘டேய், பதினொண்ணும் வந்துட்டானுங்கடா. நான் எண்ணிட்டேன்.’

பத்து. மைனா விரலை மடக்கினான். பெரிய கையுறைக்குள் விரல் சரியாக மடங்கவில்லை, அதுவும் பொன்னுத்துரை அண்ணனுடைய கையுறைதான், உள்ளே எப்போதும் ஒரு ஈரம் இருக்கும், எத்தனை வெயிலில் போட்டாலும் காயாது. பத்துதான். அவன் தப்பாக எண்ணியிருப்பான், எதிரொலியாக இருக்கும், பனிக்குள் குரல் இப்படி அப்படி மோதித் திரும்பும். நான்தான் கத்தினேன், நான் மூன்று குரல்தான் கத்தினேன். பின்னால், வலைக்குப் பின்னால், தேயிலைச் சரிவு தொடங்குகிற இடத்தில், யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. திரும்பினான். வலை, வலையில் ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மாடாக இருக்கும். மாடு இப்படி மூச்சு விடாது. இது குட்டி குட்டியாக, மூக்கால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு, நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தட்டும். இதை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. மிக மிகப் பழகின மூச்சு. யாருடையது, ரூபன், இல்லை, அப்பா, இல்லை.

லோகா அக்கா, பொன்னுத்துரை அண்ணனின் மனைவி, எல்லா காரியமும் முடிந்த பிறகு ஒருநாள் அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். தண்ணீர் கொடுத்தாள். ‘ஒரு தடவ அவரு மாதிரி பேசுடா’ என்றாள். அவன் மாட்டேன் என்றான். ‘நான்தானடா கேக்குறேன். வெளிய யாருக்கும் இல்ல, எனக்கு’ என்றாள். அவன் சுவரைப் பார்த்து நின்று, மூச்சு விட்டு, அவர் இருமுகிற மாதிரி இருமி, ‘லோகா’ என்றான். ‘என்னங்க’ என்று அவள் சட்டென்று திரும்பினாள், அவ்வளவு சாதாரணமாக, ஏதோ உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குத் திரும்புகிற மாதிரி, அந்தத் திரும்பலை அவனால் மறக்கவே முடிந்ததில்லை. அப்புறம் வெகுநேரம் கழித்துச் சொன்னாள், அழவில்லை, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்: ‘அப்பிடியே இருக்கு. அதான் போயிட்டாரு. ரெண்டு பேருக்கு ஒரு குரல் எதுக்குன்னு போயிட்டாரு.’ அன்றைக்கு இரவு படுக்கையில்தான் ராசையன், அந்தோணி, சுதர்சன் வரிசை அவன் தலைக்குள் முதன்முதலாக நின்றது. அதற்கப்புறம் அவன் புதுக் குரல் எதையும் பிடிப்பதில்லை. மிச்சம் இருக்கிற ஆறு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, அவர்கள் சிரித்தால் காதுக்குள் வேறு ஏதாவது பாட்டை ஓட்டிக்கொள்வான். ஏழுதான் இருக்கிறோம். ஒன்று குறைந்தால் ஆறு. ஆறுக்கு லீக் இல்லை.

ஆனால் காதை எப்படி மூடுவது, கோலில் நிற்கிறவனுக்குக் கையுறையோடு காதை மூட முடியுமா? குணசீலன் அண்ணன் முன்னால் நின்று ‘என்னுது! என்னுது!’ என்று ஒவ்வொரு பந்துக்கும் போராடிக்கொண்டிருந்தார், அந்த ‘ன்’னில் கொஞ்சம் அதிகமாக நிற்கிறார், ‘து’வை விழுங்கிவிடுகிறார், போதும், பிடிக்காதே, அந்த மூச்சிரைப்பில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒரு சாய்வு, பிடிக்காதே என்றேனே. ஆட்டத்துக்கு முன்னால் கொட்டகையில் எல்லாரும் சத்தம் கொடுத்து முடித்ததும் அவர் இவனைப் பார்த்து, ‘மைனா, நீ ஒரு தடவையாவது ஒன் சொந்தக் குரல்ல குடுடா, எங்களுக்கே தெரியாது அது எப்பிடி இருக்கும்னு’ என்றார். இவன் வழக்கம்போல ரெஃபரி மாதிரியோ ஆட்டுக்குட்டி மாதிரியோ ஏதாவது செய்து சிரிக்கவைத்திருக்கலாம். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. உள்ளே வரிசையில் நிற்கிறார்கள், மேஸ்திரி, மேனேஜர், அம்மா, அப்பா, ராசையன், எல்லாரும் நகர்ந்து வழிவிட்டால் பின்னால் யார் இருக்கிறான் என்று பார்த்தான், யாரும் இல்லை. ‘என்னடா, பேட்டரி போச்சா?’ என்று தீபன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். அதில் இவனும் சிரித்தான், தீபன் சிரிப்பைச் சிரித்தான்.

பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், கடைசியில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு இழுப்பு. ‘யாரு?’ என்று கேட்டான், அதையும் அப்பா குரலில்தான் கேட்டான். தேயிலைச் செடியில் பனி சொட்டுகிற சத்தம். இருமலில் ஏதோ குறை இருந்தது, கொஞ்சம் செயற்கை, அடுத்த தடவை சரியாகிவிடும் என்கிற மாதிரி. இன்னும் பழகாதவன் பழகிப் பார்க்கிற இருமல். அடுத்த தடவை சரியாக வந்தது. அவன் முதுகில் ஜெர்சி ஒட்டியது. சின்ன வயதில் பாய்க்குள் சுருண்டு தானே எத்தனை தடவை இப்படி இருமிப் பார்த்திருக்கிறான், பக்கத்து வீட்டுக் கிழவரின் இருமலை, அவர் பதிலுக்கு சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவார், தன்னைத்தான் யாரோ திருப்பிச் செய்கிறான் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. திரும்பிப் பார்க்க மாட்டேன். பந்து முன்னால்தான் இருக்கிறது, பின்னால் என்ன இருந்தால் எனக்கென்ன. ‘வாத்தியாரே, எவ்வளவு இருக்கு?’ என்று ரூபனோ தீபனோ கத்தினான். ‘கடைசிதான்பா, முடியப்போவுது’ என்றார் வாத்தியார். ‘எல்லாரும் மேல போங்கடா, பந்தை அங்கயே வெச்சிருங்க, வேலா மட்டும் கீழ நில்லு’ என்று குணசீலன் அண்ணனின் குரல் சொல்லிக்கொண்டே தூரமாகப் போனது, சின்னதாகியது, பனிக்குள் அமிழ்ந்தது. கோல் வாசலில் அவனும், கொஞ்ச தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத வேலாயுதமும், பின்னால் அதுவும். அது இப்போது சிரித்தது. மெதுவாக, மூக்குக்குள்ளேயே, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிற ஊமைச் சிரிப்பு.

மூச்சு. இருமல். சிரிப்பு. அவனுக்கு அப்போதும் அது யாருடையது என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள மனசு வரவில்லை என்பதுதான் சரி, ஏனென்றால் அந்த நொடியில் எதிர்ப் பக்கத்திலிருந்து யாரோ முழு வீச்சில் உதைத்த சத்தம் கேட்டது, டும் என்று, அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பந்து மேலே இருக்கிறது. மேலே எங்கே? வெள்ளையில் எங்கே? முகத்தில் பனி இறங்குகிறது, பந்து இறங்கவில்லை. பூட்ஸ் சத்தம், கீச்சுக் குரல்காரன் ஓடிவருகிறான், ‘அடிச்சுட்டேன்டா, போ, போ’, அதற்கு முன்னால் பின்புறமாகவே ஓடிவருகிற கனமான கால்கள், வேலாயுதம், பந்தைப் பார்த்துக்கொண்டே கோலைப் பார்க்காமல் தன் கோலுக்குள்ளேயே வருகிறான், அந்த மலை குதித்துத் தலையில் வாங்கினால் பந்து நேராக வலைக்குள்தான் போகும், கையில் வாங்க நான் இங்கே நிற்கிறேன், அவனை நிறுத்த வேண்டும், ஒரு சொல், ஒரே சொல் போதும். ‘விட்டுரு’ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அடியில் மண்ணோடு, முழுசாக, வேலாயுதத்தின் காலை அந்தரத்தில் நிறுத்தக்கூடிய சொல். என்னங்க, என்று லோகா அக்கா திரும்பினாள். உதட்டைக் கடித்தான். வேறு, வேறு, மேனேஜர் வேண்டாம், அம்மா வேண்டாம், ராசையனுக்கு நிற்க மாட்டான், என் குரல், என் குரல் எங்கே, பந்து வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக வந்துவிட்டது, வாய் தானாகத் திறந்தது.

‘என்னுது!’

‘ன்’னில் நின்று, ‘து’வை விழுங்கி, ஒரு பக்கம் சாய்ந்த மூச்சோடு. கேப்டனே காதோரம் வந்து சொன்ன மாதிரி. வேலாயுதம் அப்படியே குனிந்தான், பந்து அவன் பிடரியைத் தடவிக்கொண்டு வந்து அண்ணனின் ஈரக் கையுறைகளுக்குள் தப்பென்று உட்கார்ந்தது. கீச்சுக் குரல்காரன் வழுக்கி வந்து காலில் மோதினான். நீளமாக விசில், இந்தத் தடவை நிஜ விசில், வாத்தியாருடையது.

அப்புறம் பனிக்குள் ஒரே கூச்சல். ‘டிரா டிரா டிரா’ என்று இரட்டைப் பிள்ளைகள் இரண்டு ஸ்தாயியில், ‘எங்கடா இருக்கீங்க எல்லாரும்’ என்று பரீட்சைப் பையன் ஒருவன், வேலாயுதம் வந்து அவனைத் தூக்கிச் சுற்றிக் கீழே போட்டு, ‘கேப்டன் சத்தம் மட்டும் வரலன்னா நான் உள்ள தள்ளிருப்பேன்டா, சத்தியமா தள்ளிருப்பேன்’ என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு ஓடினான். கிரவுண்ட் தப்பித்தது. கன்று கிடையாது, பிளாஸ்டிக் பை கிடையாது, அடுத்த வருஷமும் லீக். குணசீலன் அண்ணன் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தார், முகம் சிரிக்கலாமா வேண்டாமா என்று இருந்தது. அவனைக் கட்டிக்கொண்டார், வியர்வையும் மண்ணும் வாசமடித்தது. ‘நான் அங்க ஹாஃப் லைன்லதானடா நிக்கிறேன்’ என்றார். ‘என் சத்தம் இங்க கேக்குது. எனக்கே ஒரு நிமிஷம் நான் எங்க இருக்கேன்னு தெரியல. இந்தா பாரு, மயிரு எப்பிடி நிக்குதுன்னு.’ அவர் குரலைத் தாழ்த்தினார். ‘மத்தவனுங்ககிட்ட இன்னும் சொல்லல. மேட்ச் முடியட்டும்னுதான் இருந்தேன். திங்கக்கெழம நான் திருப்பூர் போறேன்டா. ராசையன்தான் பாத்துக் குடுத்தான். வீட்ல கஷ்டம், ஒனக்குத் தெரியாததா.’ கன்னத்தில் தட்டினார். ‘டீம் இருக்கு. கிரவுண்ட் இருக்கு. பாத்துக்கங்க, என்ன?’ திரும்பி நடுவட்டத்தைப் பார்க்க நடந்தார், நாலு எட்டில் முதுகு கரைந்தது.

ஆறு, என்று அவன் விரல் மடங்கியது.

பந்தைக் கட்டிக்கொண்டு அவர் போன சத்தத்தின் பின்னாலேயே நடந்தான். கோல் பக்கம் திரும்பவில்லை. முன்னால் நடுவட்டத்தில் நிழல் மாதிரி அவர்கள் நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை, இரண்டு கை நீட்டினால் தொட்டுவிடலாம். ‘சரி, சத்தத்தைக் குடுங்கடா, வீட்டுக்குப் போவோம்’ என்றார் கேப்டன், தானே முதலில், ‘என்னுது.’ ஹோய், என்றான் வேலாயுதம். ஓய். ஓய். பரீட்சைப் பையன்கள் இருவர். ‘ஆறாச்சு. மைனா எங்கடா? இன்னைக்கு எந்த மேனேஜரு, எந்த ஆடு?’ அவர்கள் சிரித்தார்கள். அவன் வாயைத் திறக்கப் போனான். திறந்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரிந்தது, ‘என்னுது’ வரும், இப்போது அது ஒன்றுதான் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது, கேப்டன் எதிரிலேயே கேப்டனின் குரல். மூடிக்கொண்டான். ஒரு நொடி. தொட வேண்டும், கையை நீட்டித் தோளைத் தொட்டுவிடலாம் என்று பந்தை ஒரு கைக்கு மாற்றினான்.

‘இங்க இருக்கேன்.’

பின்னாலிருந்து வந்தது, அவன் விட்டுவந்த கோலிலிருந்து. பதினேழு வயதுப் பையனின் குரல், கொஞ்சம் உடைந்த, கொஞ்சம் மெல்லிய, கடைசியில் லேசாகத் தட்டுகிற குரல். இதுவரை யாரும் கேட்டிராத குரல். கேட்ட மாத்திரத்தில் அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

‘அட!’ என்றான் தீபன். ‘டேய், இவனுக்கும் சொந்தக் குரல் இருக்குடா!’

‘அதான பாத்தேன்’ என்று குணசீலன் அண்ணன் சிரித்தார், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘இன்னும் கோல்லயே நிக்கிறியா? வா தம்பி, குளுருது. ஏழும் ஆச்சு. போலாம்.’

‘வர்றேன் அண்ணே’ என்றது அது. ஈரப் புல்லில் கால் வைத்து, அவசரப்படாமல், நடந்து வர ஆரம்பித்தது. அவன் பந்தைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடி, அவர்களுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றான். அந்தக் கால் சத்தம் அவனைத் தாண்டி அவர்களிடம் போனது.